கடைக்கு ஒரு கடவுச்சொல் போதாது

2016 பெப்ரவரி 4ஆம் திகதி இரவு, டாக்காவிலுள்ள பங்களாதேஷ் மத்திய வங்கியின் கணினிகளிலிருந்து நியூயோர்க் பெடரல் ரிசர்வ் வங்கிக்கு 35 பணப்பரிமாற்றக் கட்டளைகள் போயின. மொத்தத் தொகை ஏறத்தாழ 951 மில்லியன் டொலர். அவற்றில் ஐந்து நிறைவேறின. 81 மில்லியன் மணிலாவுக்குப் போய், பெரும்பகுதி சூதாட்ட விடுதிகளுக்குள் மறைந்தது. இன்னொரு 20 மில்லியன் இலங்கைக்கு, தொண்டு நிறுவனம் ஒன்றின் பெயருக்கு அனுப்பப்பட்டது. ‘பவுண்டேஷன்’ என்று இருக்கவேண்டிய இடத்தில் ‘பண்டேஷன்’ என்று எழுதப்பட்டிருந்ததால் இடையில் நின்ற டொய்ச்சே வங்கி விளக்கம் கேட்டது. பணம் திரும்பிப் போனது. எழுத்துப் பிழை காப்பாற்றிய கதை என்றே உலகம் அதை நினைவில் வைத்திருக்கிறது. கதை சுவையானதுதான். ஆனால் கவனிக்கவேண்டியது வேறொன்று. நியூயோர்க்கில் இருந்து பார்த்தவர்களுக்கு நிறைவேறிய கட்டளைகளில் எந்தக் கள்ளத்தனமும் தெரியவில்லை. வங்கியின் சொந்த அதிகாரிகளின் பெயரில், அவர்களுடைய கடவுச்சொற்களைக் கொண்டே அவை போயிருந்தன. ஓராண்டுக்கு முன்பே வேலை விண்ணப்பம் போன்ற மின்னஞ்சல்களை ஊழியர்களுக்கு அனுப்பி உள்ளே நுழைந்தவர்கள், பொறுமையாகக் காத்திருந்து அந்தச் சொற்களைக் கைப்பற்றியிருந்தார்கள். சொல்லைத் தட்டும் விரல் யாருடையது என்று கணினிக்குத் தெரியாது.

ஈச்சிலம்பற்றிலிருந்து பார்த்தால் டாக்காவும் நியூயோர்க்கும் எட்டாத் தூரம். திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே, வெருகல் ஆற்றங்கரைப் பக்கம், வயலையும் கடலையும் மாட்டையும் நம்பி வாழும் பிரதேசம் இது. ஏ-15 வீதியில் பாலங்கள் வருமுன்னர் மட்டக்களப்புக்குப் போவதற்கே படகுப்பாதையில் ஏறி ஆற்றைக் கடக்கவேண்டியிருந்தது. இங்கே வியாபாரம் என்றால் பலசரக்குக் கடை, உரக்கடை, நெல் வாங்கி விற்பவர், மீன் ஏற்றி அனுப்புபவர், கூட்டுறவுச் சங்கம், கொமினிகேஷன். இவர்களிடமும் கடவுச்சொற்கள் குவிந்துதான் கிடக்கின்றன. ரீலோட் போடும் போனின் இரகசிய இலக்கம், ஈஸி கேஷ் கணக்கு, வங்கியின் செயலி, கடையின் மின்னஞ்சல், பேஸ்புக் பக்கம், வட்ஸ்அப், பில் போடும் கணினி, கெமரா, வைஃபை. பாதுகாப்பைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லாரும் இந்தச் சொற்கள் போதிய கடினமானவையா என்றுதான் கேட்கிறார்கள். கேட்கவேண்டிய முதற்கேள்வி அதுவல்ல என்பதே என் வாதம். ஒரு சொல் எத்தனை பேருக்குத் தெரியும், எத்தனை இடங்களில் பயன்படுகிறது என்ற இரண்டும்தான் ஒரு வியாபாரத்தைக் காப்பாற்றுகின்றன அல்லது கவிழ்க்கின்றன.

கடினம் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்பது பயன் தரும். அமெரிக்காவின் தேசிய தர நிர்ணய நிறுவனத்தில் பணியாற்றிய பில் பர் என்பவர் 2003 இல் ஒரு வழிகாட்டி எழுதினார். பெரிய எழுத்து, சிறிய எழுத்து, இலக்கம், குறியீடு எல்லாம் கலந்திருக்கவேண்டும், அடிக்கடி மாற்றவேண்டும் என்ற விதிகள் அதிலிருந்துதான் உலகெங்கும் பரவின. வங்கியும் அலுவலகமும் நம்மை இன்றுவரை படுத்தும் பாடு அது. மனிதர்கள் என்ன செய்தார்கள்? மகளின் பெயரை எழுதி, முதலெழுத்தைப் பெரிதாக்கி, கடைசியில் 1 சேர்த்து, ஓர் ஆச்சரியக்குறி போட்டார்கள். மூன்று மாதம் கழித்து மாற்றச் சொன்னபோது 1 ஐ 2 ஆக்கினார்கள். இந்தப் பழக்கம் திருடர்களுக்கும் தெரியும். அவர்களுடைய மென்பொருள் முதலில் முயல்வதே இதைத்தான். 2017 இல் அதே நிறுவனம் தன் வழிகாட்டியைத் திருத்தி, கலப்பு விதிகளையும் காலத்துக்குக் காலம் மாற்றும் கட்டாயத்தையும் கைவிட்டது. தான் எழுதியவற்றில் பலவற்றுக்காக இப்போது வருந்துவதாக, ஓய்வுபெற்றிருந்த பர் அந்த ஆண்டு பத்திரிகைக்குச் சொன்னார். நீளம் முக்கியம், ஏற்கெனவே கசிந்த சொற்களைத் தவிர்ப்பது முக்கியம், கசிவு நடந்தால் மட்டும் மாற்றினால் போதும் என்பதே இன்றைய அறிவுரை. கடவுச்சொல் ஒன்றே காவல் என்றால் அது குறைந்தது 15 எழுத்து நீளமாக இருக்கவேண்டும் என்று 2025 இன் திருத்தம் சொல்கிறது.

கசிவு என்ற சொல்தான் இங்கே திறவுகோல். 2009 இல் ரொக்யூ என்ற நிறுவனத்திலிருந்து 32 மில்லியன் கடவுச்சொற்கள் திருடு போயின. அவற்றுள் அதிகம் பேர் வைத்திருந்தது 123456. லிங்க்ட்இன் தளத்தில் 2012 இல் திருடப்பட்டவற்றில் 117 மில்லியன் கணக்குகளின் விவரங்கள் 2016 இல் விற்பனைக்கு வந்தன. இப்படிக் கசிந்த பட்டியல்களை வைத்துக்கொண்டு, ஓரிடத்தில் திருடிய மின்னஞ்சலையும் சொல்லையும் வேறு நூறு இடங்களில் தானாகவே போட்டுப் பார்க்கும் நிரல்கள் இரவு பகலாக ஓடுகின்றன. “ஈச்சிலம்பற்றில் இருக்கிற எங்களை யார் தேடி வரப்போகிறான்?” என்ற கேள்விக்குப் பதில் இதில் இருக்கிறது. யாரும் தேடி வருவதில்லை. நிரலுக்கு ஊர் தெரியாது, கடையின் அளவு தெரியாது. எங்கோ ஒரு விளையாட்டுத் தளத்தில் கடைக்காரரின் மகன் அப்பாவின் மின்னஞ்சலையும் கடையின் கடவுச்சொல்லையும் கொடுத்துக் கணக்குத் திறந்திருந்தால், அந்தத் தளம் உடையும் நாளில் கடையும் உடையும்.

திருடுவதற்கு இங்கே என்ன இருக்கிறது என்ற கேள்வியும் சரியான கணக்கல்ல. கொமினிகேஷன் கடையை எடுத்துக்கொள்ளுங்கள். அது வெறும் போட்டோகொப்பிக் கடையாக இருந்த காலம் போய்விட்டது. பரீட்சை விண்ணப்பம், கடவுச்சீட்டுக்கு நேரம் பதிதல், வெளிநாட்டு வேலைக்கான படிவம், பெறுபேறு எல்லாம் அந்தக் கணினி வழியாகத்தான். மின்னஞ்சல் முகவரி இல்லாத ஆளுக்குக் கடைக்காரரே ஒன்றைத் திறந்து கொடுத்து, கடவுச்சொல்லாக அவருடைய தொலைபேசி இலக்கத்தையே வைத்து, மறந்துவிடாமல் இருக்கத் தன் கொப்பியிலும் எழுதி வைப்பதுண்டு. உதவும் மனத்தோடு செய்வதுதான். ஆனால் அந்தக் கொப்பியில் ஊரின் பாதிக் கதவுகளின் திறப்புகள் தொங்குகின்றன. கடையின் சொந்தப் பணம் சில ஆயிரமாக இருக்கலாம். சவூதியில் வேலை செய்யும் மகன் அனுப்பும் பணத்தின் விவரம் அதே கணினியில் உள்ள மின்னஞ்சலுக்கு வந்துகொண்டிருக்கும். இலங்கையின் 2007ஆம் ஆண்டு 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம், கணினி வழிச் சேவையொன்றை அணுகுவதற்கான தகவல் ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கையில் அவர் அதை அனுமதியின்றி வெளியிடுவதையே தனிக் குற்றமாக்கியிருக்கிறது. வாடிக்கையாளரின் கடவுச்சொல்லை எழுதி வைக்கும் கடைக்காரர் எவ்வளவு பெரிய பொறுப்பைத் தலையில் ஏற்றிக்கொள்கிறார் என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம். அந்தக் கொப்பி இருக்கவே கூடாது. வாடிக்கையாளரின் சொல்லை அவரே தன் கையால் தட்டட்டும், அவருடைய தாளில் அவரே எழுதிக்கொண்டு போகட்டும், உலாவி “சேமிக்கவா?” என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இனி, என் வாதத்தின் நடுப்புள்ளிக்கு வருகிறேன். கடையில் முதலாளி, அவருடைய மனைவி, வேலைக்கு நிற்கும் இரண்டு பிள்ளைகள், ஓய்வுநேரத்தில் வரும் மருமகன் எல்லாருக்கும் ஒரே சொல். “எங்களுக்குள்ளே என்ன ஒளிப்பு மறைப்பு? ஆளுக்கொரு சொல் என்றால் பிள்ளைகளை நம்பவில்லை என்று ஆகிவிடாதா?” இந்த மறுப்பை நான் லேசாக எடுக்கவில்லை. சிற்றூர் வியாபாரம் நம்பிக்கையில்தான் ஓடுகிறது. அதைக் குலைக்கும் பாதுகாப்பு நிலைக்காது. ஆனால் கணக்கில் ஒருநாள் பதினையாயிரம் ரூபாய் குறைகிறது என்று வையுங்கள். எல்லாரும் ஒரே சொல்லால் நுழைந்திருந்தால் யார் செய்தார் என்று எந்தப் பதிவும் சொல்லாது. வெளியே இருந்து வந்த திருடனா, பிழையாகத் தட்டிய கையா, உள்ளே இருப்பவரா என்று பிரித்தறிய வழியில்லை. அப்போது சந்தேகம் யார் மேல் விழும்? சம்பளம் குறைந்த, கடைசியாகச் சேர்ந்த பிள்ளை மேல். ஆளுக்கொரு கணக்கு இருப்பது முதலாளியைக் காப்பதைவிட அந்தப் பிள்ளையைத்தான் கூடுதலாகக் காக்கிறது. நமக்கு இது புதிய ஏற்பாடும் அல்ல. கிராம அபிவிருத்திச் சங்கம் வங்கியில் பணம் எடுக்கத் தலைவரும் பொருளாளரும் கையொப்பம் வைக்கிறார்கள். தலைவர் கள்ளன் என்று நினைத்து யாரும் அந்த விதியை எழுதவில்லை. பொருளாளரும் அதை அவமானமாக நினைத்ததில்லை. ஒருவரின் கையொப்பத்தை மற்றவர் போடக்கூடாது என்பதும் எல்லாருக்கும் தெரியும். காகிதத்தில் இவ்வளவு ஒழுங்காக இருக்கும் நாம் திரைக்கு முன்னால் வந்ததும் ஏன் தளர்ந்துவிடுகிறோம் என்பது எனக்கு விளங்காத புதிர்.

பொதுச் சொல்லுக்கு இன்னொரு கேடும் உண்டு: விலகிப் போனவரோடு அதுவும் போய்விடும். கத்தாருக்குப் போன பழைய வேலையாளின் போனில் கடையின் மின்னஞ்சல் இன்னும் திறந்தே இருக்கும். அவர் நல்லவராகவே இருக்கட்டும். அந்தப் போன் தொலைந்தால்? 2021 மே மாதம் அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கு எரிபொருள் கொண்டுபோகும் கொலோனியல் குழாய்ப்பாதை ஐந்து நாளளவில் நின்றுபோனது. பெற்றோல் நிலையங்களில் வரிசை. நிறுவனம் 4.4 மில்லியன் டொலர் கப்பம் கட்டியது. விசாரித்தபோது, யாரும் பயன்படுத்தாமல் மூடப்படாமல் கிடந்த ஒரு கணக்கின் கடவுச்சொல் வழியாகத் திருடர்கள் நுழைந்திருந்தது தெரியவந்தது. அந்தச் சொல் ஏற்கெனவே கசிந்த பட்டியல் ஒன்றிலும் இருந்தது. இரண்டாம் காவல் எதுவும் அந்தக் கணக்குக்கு இருக்கவில்லை.

பகிராமல் எப்படி வேலை நடத்துவது என்று கேட்கலாம். பெரும்பாலான சேவைகள் இதற்கு வழி வைத்திருக்கின்றன; நாம் தேடிப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான். பேஸ்புக் பக்கத்துக்குத் தனிக் கடவுச்சொல்லே தேவையில்லை. ஒவ்வொருவரும் தத்தம் கணக்கிலிருந்து நிர்வகிக்க உரிமை கொடுக்கலாம், வேலையை விட்டுப் போகும்போது நீக்கலாம். ஜிமெயிலில் சொல்லைச் சொல்லாமலே பத்துப் பேர் வரை பிரதிநிதிகளாகச் சேர்க்கலாம். வட்ஸ்அப் ஒரே கணக்கை முதன்மைப் போனோடு இன்னும் நான்கு கருவிகளில் இணைக்க விடுகிறது. இணைத்தவை எவை என்ற பட்டியலும் அங்கேயே இருக்கிறது. கணினியில் ஆளுக்கொரு பயனர் கணக்குத் திறக்கக் காசு கேட்பதில்லை. வங்கிகளின் வணிகக் கணக்குகளில் ஒருவர் பதிய மற்றவர் அனுமதிக்கும் முறை உண்டு. கூட்டுறவுச் சங்கங்கள் வங்கி முகாமையாளரிடம் இதை வற்புறுத்திக் கேட்கவேண்டும். இப்படிப் பிரிக்க முடியாதவை சில மிஞ்சும், ரீலோட் போனின் இலக்கம் போல. அவற்றை எத்தனை குறைந்த பேருக்குச் சொல்ல முடியுமோ அத்தனை பேருக்கு மட்டும் சொல்லி, ஒருவர் விலகும் அன்றே மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

அடுத்தது இரண்டாம் காவல். சொல்லைத் தட்டியபின் போனுக்கு வரும் ஆறு இலக்கம். நாம் ஓடிபி என்று பழகிவிட்டோம். இதன் பயனைக் கூகுள் நிறுவனம் நியூயோர்க், கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து 2019 இல் அளந்து வெளியிட்டது. குறுஞ்செய்தியாக வரும் இலக்கம், நிரல்கள் தானாகச் செய்யும் தாக்குதல்கள் முழுவதையும் தடுத்தது; கூட்டமாக அனுப்பப்படும் ஏமாற்று மின்னஞ்சல்களில் 96 வீதத்தைத் தடுத்தது; ஓர் ஆளையே குறிவைத்து நடந்த தாக்குதல்களில் 76 வீதத்தை மட்டும். அந்த மிச்ச 24 வீதம் ஏன் தப்புகிறது என்று இலங்கையில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. “தங்கச்சி, தவறுதலா உங்க நம்பருக்கு ஒரு கோட் வந்திருக்கும், அதைக் கொஞ்சம் சொல்லுங்களேன்” என்று தெரிந்தவரின் வட்ஸ்அப்பிலிருந்தே செய்தி வரும். அவருடைய கணக்கு அதற்கு முன்பே பறிபோயிருக்கும். சொன்ன மறுகணம் உங்களுடையதும் போகும். பிறகு உங்கள் வாடிக்கையாளர்களிடம் உங்கள் பெயரில் அவசரக் கடன் கேட்பார்கள். அந்த ஆறு இலக்கத்தை வங்கி கேட்காது, தொலைபேசி நிறுவனம் கேட்காது, மாமா கேட்கவேண்டிய காரணமும் இல்லை. வட்ஸ்அப்பின் அமைப்புகளில் இரு படிச் சரிபார்ப்பு என்ற இடத்தில் நீங்களே ஓர் இரகசிய இலக்கம் வைத்துவிட்டால், ஓடிபியை ஏமாந்து சொன்னாலும் கணக்கு உடனே கைமாறாது.

சிக்னல் இல்லாத ஊரில் ஓடிபிக்காகக் கூரைமேல் ஏற முடியுமா என்று சலிப்பவர்கள் உண்டு. நியாயமான சலிப்பு. அதற்குத்தான் கூகுள், மைக்ரோசொப்ட் போன்றோர் இலவசமாகத் தரும் ஒதென்டிகேட்டர் செயலிகள். ஒருமுறை இணைத்துவிட்டால், சேவைக்கும் போனுக்கும் மட்டும் தெரிந்த இரகசியத்தையும் அந்த நேரத்தையும் வைத்து, 30 விநாடிக்கு ஒரு புதிய இலக்கத்தை அது தானாகவே கணக்கிடும். சிக்னலோ டேட்டாவோ வேண்டாம், போனின் மணிக்கூடு சரியாக இருந்தால் போதும். போன் கடலில் விழுந்தால்? தொடங்கும்போதே சேவைகள் மீட்பு இலக்கங்கள் சிலவற்றைத் தருகின்றன. அவற்றைத் தாளில் எழுதி, கடையில் ஒரு பிரதியும் வேறொரு வீட்டில் ஒரு பிரதியும் வையுங்கள். 2004 இல் கடல் புகுந்து, 2006 இல் ஊரே இடம்பெயர்ந்த பிரதேசத்துக்கு, பத்திரங்களை இரண்டு இடத்தில் வைக்கவேண்டியதன் அருமையை நான் சொல்லவேண்டியதில்லை.

இத்தனை சொற்களை நினைவில் வைப்பது எப்படி என்பதுதான் எஞ்சும் பெரிய மறுப்பு. வைக்க முடியாது, வைக்கவும் வேண்டாம். முக்கியமான இரண்டு மூன்றுக்கு மட்டும், ஒன்றோடொன்று தொடர்பில்லாத ஐந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் கோத்துக்கொள்ளுங்கள். உமி, ஏணி, புதன், கத்தரி, மத்தளம் என்பதுபோல. அச்சில் வந்துவிட்டதால் இதையே வைக்காதீர்கள். குறளையோ சினிமாப் பாட்டின் வரியையோ எடுக்கவேண்டாம், ஊரறிந்த வரி திருடனும் அறிந்ததே. கணக்கைப் பாருங்கள்: எல்லா வகை எழுத்தும் குறியும் கலந்த எட்டெழுத்துச் சொல்லுக்கு ஏறத்தாழ 66 கோடி கோடி வாய்ப்புகள். 7,776 சொற்கள் உள்ள பட்டியலிலிருந்து குருட்டாம்போக்கில் எடுத்த ஐந்து சொற்களுக்கு 2,84,000 கோடி கோடிக்கு மேல். நினைவில் நிற்பதும் இரண்டாவதுதான். மற்றவற்றைக் கடவுச்சொல் மேலாளர் எனப்படும் செயலியிடம் விட்டுவிடலாம். ஒவ்வோர் இடத்துக்கும் நீண்ட தனிச் சொல்லை அதுவே உருவாக்கிப் பூட்டி வைக்கும், பிட்வோர்டன் போன்றவை இலவசமாகவே கிடைக்கின்றன. லாஸ்ட்பாஸ் என்ற மேலாளரிடமிருந்தே 2022 இல் வாடிக்கையாளர்களின் பெட்டகப் பிரதிகள் திருடு போனது உண்மை. அவற்றிலிருந்த கடவுச்சொற்கள் மறையாக்கம் செய்யப்பட்டவை. முதன்மைச் சொல் நீளமாக இருந்தவர்களுக்கு ஆபத்துக் குறைவு, எளிய சொல் வைத்தவர்களுக்கு அதிகம். ஆகவே இது மேலாளரைத் தவிர்ப்பதற்கான காரணமாக எனக்குத் தோன்றவில்லை. செயலி பிடிக்காதவர் கொப்பியிலேயே எழுதலாம், அதை அலுமாரியில் பூட்டி வைத்தால். ஓரிடத்துச் சொல்லையே எல்லா இடத்திலும் போடுவதைவிட அது எவ்வளவோ மேல். காசு மேசைக்கு மேலே சுவரில் ஒட்டுவதுதான் கூடாது. 2015 ஏப்ரலில் பிரான்ஸின் டீவி5மொண்ட் தொலைக்காட்சி இணையத் தாக்குதலில் சிக்கியது. அதைப் பற்றிய செய்திக்காக அங்கேயே ஒருவரைப் பேட்டி எடுத்தபோது, பின்னால் சுவரில் ஒட்டியிருந்த கடவுச்சொற்கள் ஒளிபரப்பில் தெரிந்தன. யூடியூப் கணக்கின் சொல், “யூடியூப்பின் கடவுச்சொல்” என்பதேயாம்.

நல்ல கடவுச்சொல் எல்லாவற்றையும் காக்கும் என்று சொல்ல வரவில்லை. 2023 ஓகஸ்டில் இலங்கை அரசின் மேகக் கணினிச் சேவையைக் கப்பம் கேட்கும் மென்பொருள் தாக்கியபோது, காலாவதியான மின்னஞ்சல் மென்பொருளும் காப்புப் பிரதி இல்லாமையும் சேர்ந்து, சுமார் 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகளின் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவுகளை இல்லாமற் செய்தன. கடன் கொப்பியைக் கணினிக்கு மாற்றிய கடைக்காரர் வாரம் ஒரு பிரதியை வேறாக எடுத்து வைக்கவேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. அதே ஆண்டு இங்கிலாந்தில் கேஎன்பி என்ற லொறிப் போக்குவரத்து நிறுவனம் மூடப்பட்டது. வயது 158, வேலை இழந்தவர்கள் 700 பேரளவில். ஊழியர் ஒருவரின் எளிய கடவுச்சொல்லை ஊகித்தே திருடர்கள் நுழைந்ததாக நம்பப்படுகிறது. அந்த ஊழியரிடம் அதைத் தான் சொல்லவில்லை என்று நிறுவனத்தின் பணிப்பாளர் பிற்பாடு பிபிசியிடம் கூறினார். பெருந்தன்மை என்று அதைச் சொல்லலாம். நான் நேர்மை என்றே சொல்வேன். ஒருவரின் ஒரு சொல் உடைந்ததும் முழு நிறுவனமும் விழுமென்றால், பிழை அந்த ஒருவருடையதல்ல, அப்படிக் கட்டி வைத்தவர்களுடையது.

ஆகவே இந்த வேண்டுகோள் முதலாளிமாருக்கும் சங்கத் தலைவர்களுக்கும்தான். கடையில் உள்ள கணக்குகளை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதன் சொல் தெரிந்தவர்களின் பெயரைப் போடுங்கள். இரண்டு பெயருக்கு மேல் உள்ளவற்றை முதலில் பிரியுங்கள். வேலையை விட்டுப் போனவரின் பெயர் இருந்தால் அந்தச் சொல்லை இன்றைக்கே மாற்றுங்கள். மின்னஞ்சலுக்கும் வங்கிக்கும் இரண்டாம் காவல் போடுங்கள், ஏனென்றால் மற்றக் கணக்குகள் பலவற்றின் கடவுச்சொற்களை மின்னஞ்சல் வழியாகவே மாற்றிவிட முடியும். கணக்கொன்று பறிபோய்விட்டால் வெட்கப்பட்டு ஒளிக்காமல் உடனே வங்கிக்குச் சொல்லுங்கள், இலங்கை கணினி அவசர நடவடிக்கைக் குழுவின் 101 இலக்கத்துக்கு அழையுங்கள்.